லா தூரெத்: ஒரு காங்கிரீட் மடத்தைப் புரிந்துகொள்வது எப்படி?

பிரான்சில் லியோன் நகருக்கு வடமேற்கே சுமார் 25 கிலோமீட்டரில் எவூ என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே மேற்கு நோக்கி இறங்கும் ஒரு மலைச்சரிவில், பூச்சே பூசாத காங்கிரீட்டில் கட்டிய கத்தோலிக்கத் துறவு மடம் நிற்கிறது. பெயர் லா தூரெத். தோமினிக்கன் சபைக்காக இதை வடிவமைத்தவர் லெ கார்பூசியே. 1953-இல் பேச்சு தொடங்கியது, 1956-இல் கட்டுமானம், 1960 அக்டோபரில் திறப்பு. நம் நாட்டின் சண்டிகர் நகரத்தை அவர் வரைந்துகொண்டிருந்த அதே வருடங்கள்தான்.

படத்தில் முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு இது பாதியில் நின்றுபோன வேலை போலத் தெரியும். சாம்பல் நிறச் சுவர், வரிசையாகப் பெட்டிகள், கீழே ஒன்றுக்கொன்று பொருந்தாத தூண்கள். நவீனக் கட்டடக்கலை என்றாலே அலங்காரத்தைக் கழற்றிப் போடுவதுதான் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் இந்தக் கட்டடம் கடைசிவரை பிடிபடாது. உள்ளே இருக்கும் ஒரு துறவியின் ஒருநாள் பொழுதை முதலில் தெரிந்துகொண்டு பாருங்கள். எந்தச் சுவர் ஏன் அங்கே நிற்கிறது, எந்த இடத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதெல்லாம் அந்த ஒருநாளிலிருந்து வந்தவை.

யாருக்காகக் கட்டியது

தோமினிக்கன் சபை 1216-இல் திருத்தந்தையின் (போப்பின்) ஒப்புதல் பெற்றது. மறையுரை ஆற்றுவதும் படிப்பதும் அவர்களுடைய வேலை. ஊருக்கு ஒதுங்கி, நிலத்தை உழுது, வாசலைத் தாண்டாமல் வாழும் துறவிகள் அல்லர். வெளியே போவார்கள், பேசுவார்கள், திரும்பி வருவார்கள். லா தூரெத் அவர்களுடைய பயிற்சி இல்லம். ஏறக்குறைய நூறு பேர், பெரும்பாலும் இளம் குருமாணவர்களும் அவர்களுக்குப் பாடம் சொல்லும் குருக்களும் தங்கிப் படிக்க வேண்டிய இடம்.

அப்படியானால் தேவைகள் மூன்று. தனியாக இருந்து படிக்க ஓர் அறை. எல்லாரும் கூடி உண்ண, பாடம் கேட்க, சபைக் காரியங்களைப் பேச இடங்கள். நாளில் பலமுறை கூடித் திருப்புகழ்மாலை என்ற வேளைச் செபத்தைச் செபிக்கவும், பீடத்தில் குரு நடத்தும் வழிபாடான திருப்பலியை நிறைவேற்றவும் ஓர் ஆலயம். தனிமை, கூட்டு வாழ்வு, வழிபாடு ஆகிய மூன்றும் ஒரே கூரைக்கடியில் அமைய வேண்டும், ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவும் கூடாது. கட்டடக் கலைஞருக்கு வைக்கப்பட்ட கணக்கு இதுதான்.

லெ கார்பூசியேயை அழைத்துவந்தவர் மரி-அலேன் கூத்துரியே என்ற தோமினிக்கன் குரு. திருச்சபையின் கலை பழைய பாணிகளைப் பிரதி எடுத்தே சோர்ந்துபோய்விட்டது என்பது அவர் கருத்து. பக்தி மட்டும் இருந்து திறமை இல்லாதவரைவிட, பக்தி இல்லாவிட்டாலும் மேதையாக இருப்பவரிடம் வேலையைக் கொடுப்பது மேல் என்று வெளிப்படையாக வாதாடியவர். லெ கார்பூசியே சுவிட்சர்லாந்தின் புரோட்டஸ்டண்ட் குடும்பத்தில் பிறந்தவர், கோவிலுக்குப் போகும் பழக்கம் இல்லாதவர். கூத்துரியே அவரிடம் புரோவான்ஸ் பகுதியிலுள்ள லெ தொரோனே மடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அது 12-ஆம் நூற்றாண்டில் சிஸ்டெர்சியன் என்ற மற்றொரு துறவு சபை கட்டிய மடம். சிற்பம் கிடையாது, ஓவியம் கிடையாது. கல், அளவு, வெயில் மட்டும். லா தூரெத்தின் வேர் அங்கே இருக்கிறது. கூத்துரியே 1954 தொடக்கத்திலேயே இறந்துவிட்டதால், அவருடைய முயற்சியின் பலனை அவரே பார்க்கவில்லை என்பது வருத்தமான விஷயம்.

பழைய வரைபடம், புதிய அடுக்கு

ஐரோப்பிய மடங்களுக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேலான ஒரு வாடிக்கையான அமைப்பு உண்டு. நடுவில் சதுர முற்றம், அதைச் சுற்றிக் கூரையிட்ட நடைகூடம். ஆலயம் பெரும்பாலும் வடக்குப் பக்கம். அந்த நாடுகளில் வெயில் தெற்கிலிருந்து வருவதால், உயரமான ஆலயம் வடக்கே இருந்தால்தான் முற்றத்தில் நிழல் விழாது. மற்ற மூன்று பக்கமும் உணவறை, சபைக்கூடம், படுக்கையிடம்.

லா தூரெத்திலும் அதே சதுரம்தான். கிழக்கு, தெற்கு, மேற்கு என மூன்று பக்கம் தங்குமிடம், வடக்கே ஆலயம். ஆலயத்தை மற்றப் பகுதியோடு ஒட்டாமல் சிறிது இடைவெளி விட்டுத் தனிப் பெட்டியாக நிறுத்தியிருக்கிறார். இதுவரை பழைய வழிதான்.

மாறியது மேல்-கீழ் அடுக்கு. சாதாரணமாக அடித்தளத்தை முடிவு செய்துவிட்டு மேலே ஏறுவோம். இங்கே நிலம் சரிவு, பிடி கொடுக்காது. அதனால் லெ கார்பூசியே முதலில் வானத்தை ஒட்டி ஒரு கிடைக்கோட்டைப் போட்டார். அதுதான் கூரை மட்டம். அங்கிருந்து மாடி மாடியாகக் கீழே இறங்கிவந்து, தரை எங்கே எதிர்ப்படுகிறதோ அங்கே தூண் ஊன்றினார். மேலே கோடு நேராக இருக்க, கீழே கால்கள் மட்டும் ஒவ்வோரிடத்திலும் வெவ்வேறு உயரமாகவும் வடிவமாகவும் இருப்பது இதனால்தான். படத்தில் குழப்பமாகத் தெரியும் அந்தத் தூண்களின் காரணம் இவ்வளவே.

ஐந்து மட்டங்கள். மேல் இரண்டு மட்டமும் துறவிகளின் தனி அறைகள். மூன்றாவது மட்டத்தில் மலைப்பக்கமாக நுழைவாயில், நூலகம், பாட அறைகள். அதற்குக் கீழே உணவறையும் சபைக்கூடமும். எல்லாவற்றுக்கும் அடியில் சமையற்கட்டு. கிழக்கே சாலைப் பக்கமிருந்து வருகிறவர் நடு மாடியில் நுழைகிறார்: மேலே போனால் தனிமை, கீழே போனால் கூட்டம். விருந்தினர் வாசலருகே உள்ள வளைந்த சுவர்களுடைய சிறு சந்திப்பறைகளோடு நின்றுவிடலாம், உள்ளே வந்து யார் படிப்பையும் கலைக்க வேண்டியதில்லை.

முற்றத்தைச் சுற்றிய நடைகூடம் என்னவாயிற்று? முதலில் அதைக் கூரைக்குக் கொண்டுபோக நினைத்தார். பிறகு முற்றத்தின் நடுவே சிலுவை போலக் குறுக்காகச் செல்லும் கண்ணாடி நடைவழிகளாக மாற்றிவிட்டார். சரிவான முற்றத்தில் ஓரங்களைச் சுற்றி நடப்பதற்குப் பதிலாக நடுவே குறுக்கிட்டு ஆலயத்துக்கும் உணவறைக்கும் போகலாம். கூரையில் மண் பரப்பிப் புல் வளர விட்டார்கள். வெயிலையும் குளிரையும் அந்த மண்ணே ஓரளவு தடுக்கும். அழகான எண்ணம்தான். ஆனால் பழைய நடைகூடத்தில் துறவிகள் வட்டமிட்டு நடந்துகொண்டே செபித்தார்கள். லா தூரெத்தின் நடைவழிகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதற்குத்தான் உதவும். அந்த ஒரு விஷயத்தில் பழைய அமைப்பே மேல் என்பது எங்கள் கருத்து.

1.83, 2.26, 5.92

தனி அறையின் அகலம் 1.83 மீட்டர், உயரம் 2.26 மீட்டர், நீளம் 5.92 மீட்டர். அடிக்கணக்கில் சொன்னால் அகலம் 6 அடி, உயரம் ஏழரை அடிக்குச் சற்றுக் குறைவு, நீளம் பத்தொன்பதரை அடிக்குச் சற்றுக் குறைவு. இந்த எண்கள் மனம்போன போக்கில் வந்தவை அல்ல. லெ கார்பூசியே தாமே உருவாக்கிய மாடுலர் என்ற அளவுமுறையிலிருந்து வந்தவை.

அந்த முறை சுலபமானது. 183 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தொப்புள் 113-இல். கையைத் தூக்கினால் விரல்நுனி 226-இல், அதாவது 113-இன் இரு மடங்கில். இப்போது 113-ஐ வைத்து ஒரு தொடர்: 27, 43, 70, 113, 183, 296. அடுத்தடுத்த இரண்டைக் கூட்டினால் மூன்றாவது வரும். 226-ஐ வைத்து இன்னொரு தொடர்: 86, 140, 226, 366, 592. அறையின் அகலம் முதல் தொடரில் இருக்கிறது, உயரமும் நீளமும் இரண்டாவதில் இருக்கின்றன. கையை நீட்டினால் சுவர், தூக்கினால் கூரை. அறை முழுவதும் ஓர் உடம்பின் எட்டுதூரத்தில் அமைந்திருக்கிறது.

சரியாக உணர வேண்டுமென்றால் டேப்பை எடுத்துத் தரையில் 1.83-க்கு 5.92 அளவில் சுண்ணாம்புக் கோடு போட்டு உள்ளே நின்று பாருங்கள். கதவருகே கைகழுவும் தொட்டி. அடுத்து ஓர் அலமாரி, தடுப்பு போல நின்று கட்டிலை வாசலிலிருந்து மறைக்கிறது. பிறகு கட்டில். வெளிச்சம் நன்றாக வரும் கடைசிப் பகுதியில் மேசை. அதற்கப்பால் கண்ணாடிக் கதவு, பிறகு லாஜியா எனப்படும் குழிவான பால்கனி. கழுவுவது, உறங்குவது, படிப்பது, வெளியே பார்ப்பது என்று வாசலிலிருந்து வெளிச்சத்தை நோக்கி ஒரே வரிசை. நீளத்துக்கு இவ்வளவு கொடுத்து அகலத்தைச் சுருக்கியதன் பலன் இது. அகலமான அறையாக இருந்தால் கட்டிலும் மேசையும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும், படிக்கும் இடம் தனியாக நிற்காது.

லாஜியாவின் ஆழம் வெறும் அழகுக்கு இல்லை. கோடையில் உச்சிக்குப் போகும் சூரியனை அது மறைக்கிறது, குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் வெயிலை உள்ளே விடுகிறது. இந்தக் கணக்கு தெற்குப் பக்கத்தில் நன்றாக வேலை செய்யும். மேற்கே மாலை வெயில் தாழ்வாக நேரே உள்ளே வருவதால் எந்த ஆழமும் போதாது. வெளிப்பக்கத் தடுப்புச் சுவர்கள் கூழாங்கல் பதித்த முன்வார்ப்புப் பலகைகள். தூரத்திலிருந்து அந்தப் பக்கம் சொரசொரப்பாகத் தெரிவது அதனால்.

அறைக்கு வெளியே, முற்றத்துப் பக்கம் தாழ்வாரம். அங்கே கண் மட்டத்தில் நீளமாக ஒரு கீற்று ஜன்னல் மட்டும். தாழ்வாரம் முடியும் இடத்தில் ஒரு காங்கிரீட் கட்டை நேர்ப்பார்வையை மறைத்து, பக்கவாட்டில் வெளிச்சத்தை மட்டும் விடுகிறது. நடந்து போகிறவர் நின்று வேடிக்கை பார்க்கும் இடமாக அது ஆகிவிடக் கூடாது. காட்சி வேண்டுமென்றால் தன் அறைக்குப் போக வேண்டும்.

கண்ணாடியில் ஒரு தாளம்

கீழ் மட்டங்களின் உணவறைப் பக்கம் முற்றிலும் வேறு. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. நடுநடுவே மெல்லிய காங்கிரீட் நிமிர்சட்டங்கள். சட்டங்களுக்கு இடையிலான தூரம் ஓரிடத்தில் நெருங்குகிறது, ஓரிடத்தில் விரிகிறது. இதை வரைந்தவர் யானிஸ் ஜெனாக்கிஸ், லெ கார்பூசியேயின் அலுவலகத்தில் வேலை பார்த்த கிரேக்கப் பொறியாளர், இசையமைப்பாளரும்கூட. இசையில் ஒலிகளின் அடர்த்தியைக் கூட்டிக் குறைக்கக் கணக்கைப் பயன்படுத்திய அவர், அதே எண்ணத்தை இங்கே நிமிர்சட்டங்களின் இடைவெளிக்குக் கொண்டுவந்தார். இடைவெளிகள் மாடுலர் தொடரின் எண்களிலிருந்து எடுத்தவை. சண்டிகர் தலைமைச் செயலகத்திலும் இதே வகைக் கண்ணாடி அமைப்பைப் பார்க்கலாம்.

இதில் சிக்கனமும் அடங்கியிருக்கிறது. மடத்திடம் பணம் குறைவு. மரச்சட்டமோ இரும்புச்சட்டமோ இல்லாமல், கண்ணாடியை நேரே காங்கிரீட் சட்டத்தில் வெட்டிய காடியில் (பள்ளத்தில்) பொருத்தி, மாஸ்டிக் என்ற இளகிய அடைப்புப் பசையால் அடைத்துவிட்டார்கள். திறக்கும் ஜன்னலே கிடையாது. காற்றுக்குத் தனி ஏற்பாடு: தரையிலிருந்து மேலே போகும் ஒடுக்கமான கதவுப்பலகை ஒன்று, அச்சில் சுழலும், உள்ளே கொசுவலை. பார்ப்பதற்குக் கண்ணாடி, சுவாசிப்பதற்குப் பலகை என்று ஜன்னலின் இரண்டு வேலையையும் பிரித்துவிட்டார். இதைப் புரிந்துகொண்டால் கட்டடத்தின் பாதி புரிந்துவிடும். எங்கெல்லாம் ஒரு பொருள் இரண்டு வேலை செய்கிறதோ, அங்கெல்லாம் அதைப் பிரித்துப் பார்ப்பது இவருடைய வழக்கம்.

ஆலயம்: வெளிச்சத்துக்குப் படியளப்பு

இவ்வளவு கண்ணாடியைக் கடந்து ஆலயத்துக்குள் நுழைந்தால் இருட்டு. நீண்ட, உயரமான காங்கிரீட் பெட்டி. வழக்கமான ஜன்னல் ஒன்றுகூட இல்லை. கண் பழகப் பழகத்தான் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

மேற்கில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கீற்று. கனமான கூரை அங்கே தொடாமல் மிதப்பது போலிருக்கும். கிழக்கு மூலையில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு. கூரையில் ஒரு சதுரத் துளை. துறவிகள் உட்காரும் இருக்கைகளுக்குப் பக்கத்தில், தாழ்வாக, படுக்கைவாட்டில் கீற்றுகள். இந்தக் கீற்றுகளின் சாய்ந்த உட்பரப்பில் மட்டும் நிறம் பூசியிருக்கிறார்கள். கண்ணாடியில் நிறம் இல்லை. வெள்ளை வெளிச்சம் அந்தப் பரப்பில் பட்டு நிறமாகித் திரும்புகிறது. செபப் புத்தகத்தை வாசிக்கப் போதுமான வெளிச்சம் மடியில் விழும், கண்ணில் கூசாது. பழைய ஆலயங்களின் வண்ணக் கண்ணாடிக்கு இது நேரடியான மாற்று, செலவும் கொஞ்சம்தான்.

ஆலயத்தின் வடக்குப் பக்கம் வளைந்த சுவருடைய ஒரு சிற்றாலயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே படிப்படியாக இறங்கும் மேடைகளில் தனித்தனிப் பீடங்கள். ஒரே கோவிலில் இத்தனை பீடங்கள் எதற்கு என்று இன்றைய வாசகருக்குத் தோன்றும். அந்தக் காலத்தில் குருக்கள் கூட்டுத் திருப்பலி நிறைவேற்றும் வழக்கம் பொதுவாக இல்லை, ஒவ்வொரு குருவும் தனித்தனியாகத் திருப்பலி நிறைவேற்றினார். கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962-இல் கூடி, பிறகு கூட்டுத் திருப்பலிக்குப் பரவலாக வழி திறந்தபோது, கட்டி முடித்துச் சில வருடங்களே ஆன அந்தப் பீடங்களுக்கு வேலை குறைந்துவிட்டது.

அந்தப் பீடங்களுக்கு மேலே மூன்று பெரிய கூம்புக் குழாய்கள் கூரையைத் துளைத்து நிற்கின்றன. ஒளிப் பீரங்கிகள் என்று பெயர். ஒவ்வொன்றும் வெவ்வேறு திசைக்குச் சாய்ந்திருக்கிறது, ஒவ்வொன்றின் உட்புறமும் வெவ்வேறு நிறம். நேர்வெயில் உள்ளே எட்டாமல், குழாயின் சுவரில் பட்டுத் தெறித்துத்தான் இறங்கும். எதிர்ப்பக்கம், குருக்கள் திருவுடை அணியும் அறையின் கூரையில் ஏழு சிறிய சாய்வுக் குழாய்கள். இவற்றையெல்லாம் வரைந்ததிலும் ஜெனாக்கிஸுக்குப் பெரும் பங்கு.

ஆலயத்தில் ஒலி நெடுநேரம் தங்கும். நாலாபக்கமும் கெட்டியான காங்கிரீட், ஒலியை உறிஞ்ச எதுவும் இல்லை. நிதானமாகப் பாடும் ஒற்றைக்குரல் இராகத்துக்கு இது நல்லது. வேகமாகப் பேசும் மறையுரைக்கு ஆகாது: ஒரு சொல் அடங்குமுன் அடுத்தது வந்து மோதும். மறையுரையே தொழிலாகக் கொண்ட சபைக்கு இது சிறிய குறை அல்ல.

பூசாத காங்கிரீட்டின் விலை

பூச்சில்லாத காங்கிரீட் என்றால் வேலை மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். பூச்சு வேலை செய்கிற இடத்தில் சென்டரிங்கில் வரும் தப்பை மேஸ்திரி மறைத்துவிடலாம். இங்கே பலகையின் மரவரி, இரண்டு பலகை சேரும் இடத்தில் கசிந்த சிமெண்ட் பால், ஆணித்தலை எல்லாம் அப்படியே நிரந்தரமாகப் பதிந்துவிடும். கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் சரியாகப் போகாத இடத்தில் தேன்கூடு போலப் பொந்துகள் விழும். அவற்றைப் பிறகு அடைத்தால் ஒட்டுப்போட்டது தெரியும். கட்டி முடித்த கட்டடத்தில் இவற்றையெல்லாம் லெ கார்பூசியே ஏற்றுக்கொண்டார். மார்செய் நகரில் அவர் வடிவமைத்து 1952-இல் முடிந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே அந்த முடிவுக்கு வந்துவிட்டார். லா தூரெத்தின் சுவரருகே போய்ப் பார்த்தால் பலகை பலகையாக எண்ணலாம்.

உண்மையான ஆபத்து மேற்பரப்பில் இல்லை, உள்ளே இருக்கும் கம்பியில். புதுக் காங்கிரீட் காரத்தன்மை அதிகமுள்ளது. அந்தக் காரம் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கம்பிக்கு மேலே உள்ள காங்கிரீட் மூடல் மெல்லியதாக இருந்தால் அது சீக்கிரம் கம்பியை எட்டிவிடும். பிறகு மழை ஈரம் போதும், துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அது தள்ளுவதால் மேல்தோல் வெடித்து உதிரும். மெல்லிய நிமிர்சட்டங்களிலும் லாஜியா ஓரங்களிலும் மூடலுக்கு இடமே குறைவு என்பதால் இந்த வகைக் கட்டடங்களில் முதலில் போவது அவைதான். பூச்சோ வெளித்தள்ளிய கூரை விளிம்போ இருந்தால் மழைநீரைத் தள்ளிவிடும். இங்கே இரண்டும் இல்லை.

கண்ணாடிக்கும் இதே கதி. காங்கிரீட்டும் கண்ணாடியும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. நடுவில் இருக்கும் மாஸ்டிக் இளகலாக இருக்கும்வரை தாங்கும். காய்ந்து இறுகிவிட்டால் கண்ணாடி விரிசல் விடும், இல்லாவிட்டால் தண்ணீர் காடிக்குள் இறங்கி அங்கேயும் கம்பியைத் தொடும். ஒற்றைக் கண்ணாடி என்பதால் குளிர்காலத்தில் சூடு தங்காது.

1979-இல் பிரெஞ்சு அரசு இதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 2016-இல் சண்டிகர் கேப்பிட்டல் வளாகம் உள்ளிட்ட லெ கார்பூசியேயின் 17 படைப்புகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2006-இல் தொடங்கிய பெரும் சீரமைப்பு 2013 வரை நடந்தது.

இப்படிப்பட்ட கட்டடத்தைச் சீரமைக்கும் முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. தட்டிப் பார்த்து, பொள்ளல் ஓசை வரும் இடத்தைச் செதுக்கி எடுப்பார்கள். கம்பியின் துருவைச் சுரண்டித் துருத்தடுப்பு பூசுவார்கள். பிறகு அதே நிறமும் அதே மணல் தோற்றமும் வரும்படி கலவையைப் பலமுறை மாதிரி பார்த்துத்தான் அடைப்பார்கள், மரவரி இருந்த இடத்தில் மரவரியைப் பதிப்பார்கள். கண்ணாடியில்தான் சங்கடம். இரட்டைக் கண்ணாடி போட்டால் குளிர் குறையும். ஆனால் ஒற்றைக் கண்ணாடிக்காக வெட்டிய காடிக்குள் அது புகாது, சட்டத்தைத் தடிமனாக்க வேண்டிவரும். சட்டம் தடித்தால் ஜெனாக்கிஸ் கணக்கிட்ட இடைவெளி மாறிவிடும். இந்த மாதிரி இடத்தில் சூட்டைவிட இடைவெளியைக் காப்பாற்றுவதே சரி என்போம். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம், தாளத்தைத் தொலைத்தால் திரும்ப வராது.

மாணவர் எண்ணிக்கை 1960-களின் கடைசியிலேயே குறைந்துவிட்டது. இன்று ஒரு சிறு குழுவாகத் துறவிகள் அங்கே வாழ்கிறார்கள். காலியான அறைகளில் வெளியாட்கள் தங்கலாம். போகிறவர்கள் பகலில் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பாமல் ஓர் இரவாவது தங்குவது நல்லது. 1.83 மீட்டர் அகலம் போதுமா என்பதை அந்த அறையில் படுத்துப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஆலயத்துக்கு மட்டும் காலையில் ஒருமுறையும் வெயில் சாயும்போது ஒருமுறையும் போங்கள். மேற்குக் கீற்றும் கிழக்குப் பிளவும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை.